உறைந்த கருவும் உயிர் பெறும்

நல்ல கறவைப் பசு ஒன்றை இழப்பதன் வருத்தத்தை, நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களில் மாடு வளர்க்கும் நாம் அறிவோம். பசு மறைந்தபின்னும் அதன் வழியைக் காக்க இயலுமா? இயலும்.

1973-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், உறைய வைத்த கருவிலிருந்து முதல் கன்று பிறந்தது. நம் நாட்டில், பகாங் மாநிலத்தின் ஜெராண்டுட்டில் உள்ள கால்நடைச் சேவைத் துறையின் நிலையம் இப்பணியில் ஈடுபட்டுள்ளது.

கருவுக்குப் பெரும் பகை, அதனுள் உள்ள நீர் உறைந்து உண்டாகும் பனித்துகளே. ஆகவே 7 நாள் வயதுடைய கருவை உறைதடுப்புக் கரைசலில் இட்டு நீரைக் குறைக்கின்றனர். பின்பு மெல்லிய குழலில் அடைத்து, படிப்படியாகக் குளிர்வித்து, மைனஸ் 196 பாகை செல்சியசில் திரவ நைட்ரஜனில் வைக்கின்றனர். சினைமுட்டையோ ஒரே பெரிய உயிரணு. கருவைவிட எளிதில் சிதையும். அதனை நொடியில் கண்ணாடிபோல் இறுகச் செய்யும் முறையே பெரிதும் கையாளப்படுகிறது.

உருக்கும்போது தாமதம் ஆகாது. குழலைச் சில நொடிகள் காற்றில் பிடித்து, வெதுவெதுப்பான நீரில் இடுவர். மெல்ல உருகினால் பனித்துகள் மீண்டும் வளர்ந்து கருவைச் சிதைக்கும்.

இனி நம் கடமை யாது? 7 நாள் கருவை ஏற்கும் பசு, ஏறத்தாழ 7 நாட்களுக்கு முன் பருவத்துக்கு வந்திருத்தல் வேண்டும். நாள் பெரிதும் தவறினால் கரு தங்காது. பிற மாடுகள் மேலேறும்போது பசு அசையாமல் நிற்பதே பருவத்தின் தெளிவான அடையாளம். அந்நாளை நாட்காட்டியில் தவறாது குறித்து வைப்போமாக. அக்குறிப்பு இல்லையேல், விஞ்ஞானம் காத்துத் தந்த கருவும் வீணாகும்.