இலக்கு மாதிரிகளை அளக்கும் முறை எப்படி வந்தது?

கேள்வி: மென்பொருளை எழுதும் முன்பே வரையப்படும் இலக்கு மாதிரிகளின் பராமரிப்புத் திறனை அளக்கும் முறை எங்கிருந்து தோன்றியது?

பதில்: ஒரு மென்பொருள் எதற்காக வேண்டும் என்னும் பெரிய இலக்கைச் சிறு இலக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிறைவேற்றும் பொறுப்பு எந்த மனிதருக்கு அல்லது கருவிக்கு உரியது என்பது வரை காட்டும் வரைபடமே இலக்கு மாதிரி. டார்டென், வான் லாம்ஸ்வீர்டே, ஃபிக்காஸ் ஆகியோர் 1993-இல் விரிவாக விளக்கிய ‘காவோஸ்’ முறையும், டொரண்டோ பல்கலைக்கழகத்தில் எரிக் யூ 1995-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் வகுத்த ‘ஐ-ஸ்டார்’ முறையும் இத்துறையில் முதன்மையானவை.

அளக்கும் வழக்கமோ இவற்றுக்கு முன்பே நிரல்களிடத்தில் தொடங்கிவிட்டது. 1976-இல் தாமஸ் மெக்கேப், ஒரு நிரலுக்குள் ஒன்றையொன்று சாராத வழிகள் எத்தனை என்று எண்ணி, அதன் சிக்கலை ஓர் எண்ணால் குறித்தார்; சிக்கல் மிகுந்த நிரலைத் திருத்துவது கடினம் என்பதால், அவ்வெண் பராமரிப்பின் அடையாளமாகவும் கொள்ளப்பட்டது. 1984-இல் விக்டர் பாசிலியும் டேவிட் வைஸும், முதலில் நோக்கம், அதிலிருந்து கேள்விகள், அவற்றுக்கு விடை தரும் அளவைகள் இறுதியில் என்னும் ஒழுங்கை முன்வைத்தனர். காவோஸ் மாதிரிகளின் சிக்கலையும் முழுமையையும் அளப்பதற்கு லிஸ்பன் புதிய பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் கையாண்டதும் இவ்வொழுங்கையே.

இவ்வளவைகள் எதைக் காட்டுகின்றன என்பதற்கு, ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் இலண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் மாதிரி தக்க சான்று. அவசர அழைப்பு வந்த 14 நிமிடங்களுக்குள் வண்டி சேர வேண்டும் என்னும் தாய் இலக்கு, 3 நிமிடங்களில் வண்டியைப் புறப்படச் செய்தல், எஞ்சிய 11 நிமிடங்களில் இடத்தை அடைதல் என்று பிரிகிறது. நாளை அந்த 14 என்பது 12 ஆனால் எத்தனை கிளைகளைத் திருத்த வேண்டும், திருத்த வேண்டிய இடம் எளிதில் புலப்படுமா என்பதே பராமரிப்புத் திறன் பற்றிய கேள்வி. மரத்தின் ஆழம், ஓர் இலக்கின் கீழுள்ள கிளைகள், ஒரே பொறுப்பாளர்மேல் குவிந்த இலக்குகள் ஆகியவற்றை எண்ணுவது அதற்காகவே.

ஆயினும் நிரலுக்குரிய தீர்ப்பை மாதிரிக்கு அப்படியே பொருத்த இயலாது. ஓர் இலக்கை ஆழ்ந்து ஆராய்ந்து, விடுபட்டவற்றைச் சேர்த்தாலும் கிளைகள் பெருகும். பொறுப்பாளரே குறிக்கப்படாத இலக்குகள் நிறைந்த அரைகுறை மாதிரியோ சிறியதாக, எளியதாகத் தோன்றும். ஆதலால் சிக்கலளவை முழுமையளவோடு சேர்த்துப் படித்தால்தான், குறைந்த எண் தெளிவைக் குறிக்கிறதா, வெறும் விடுபடலைக் குறிக்கிறதா என்று பிரித்தறிய முடியும்.