கல்லீரலின் நிலையைக் குருதி காட்டுமா?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் ஹெப்படைட்டிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் தமக்குத் தொற்று இருப்பதையே அறியாதவர்கள். எவருக்கு உடனே சிகிச்சை தேவை, எவரைக் கண்காணித்து வந்தால் போதும் எனப் பிரித்தறிவது சுகாதாரத் திட்டத்தின் அடிப்படைப் பணியாகும்.

சேதம் நேரும் விதம்

இந்த வைரஸ் கல்லீரல் அணுக்களைப் பெரும்பாலும் தானே அழிப்பதில்லை. வைரஸ் புகுந்த அணுக்களை உடலின் தற்காப்புப் படையான டி-அணுக்கள் தாக்குவதாலேயே அழற்சி உண்டாகிறது. இத்தாக்குதலின் தீவிரத்தை நேரில் அறிய, ஊசி மூலம் கல்லீரல் திசுவை எடுத்துச் சோதிக்க வேண்டும். இதற்கு வல்லுநரும் மருத்துவமனை வசதியும் தேவை. இரத்தக் கசிவு அபாயமும் சிறிதளவு உண்டு. எனவே பெருந்திரளான மக்களுக்குக் குருதிச் சோதனையே நடைமுறைக்கு உகந்தது.

குருதி கூறுவன

வைரஸின் மேலுறைப் புரதம் 6 மாதங்களுக்கு மேலும் குருதியில் காணப்பட்டால் தொற்று நாட்பட்டது எனக் கொள்ளப்படும். அப்புரதம் இன்றி, அதற்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டும் இருப்பின், அது பொதுவாகத் தடுப்பூசியின் பயன். வைரஸின் உட்கருப் புரதத்திற்கான எதிர்ப்பொருளும் உடனிருப்பின், முன்பு தொற்றுக்குள்ளாகி மீண்டவர் என அறியலாம். ஏ.எல்.டி. என்னும் நொதி மிகுந்திருத்தல் கல்லீரல் அணுக்கள் சிதைவதைக் காட்டும்.

குருதி கூறாதவை

டி-அணுக்களுள் ஒரு பிரிவு கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது, குருதியோட்டத்தில் கலப்பதில்லை. நாட்பட்ட நோயாளியின் குருதியில் இவ்வைரஸை இனங்காணும் டி-அணுக்கள் மிக அரிது. கல்லீரலில் அவற்றின் விகிதம் அதிகம். ஆகவே, குருதியில் எதிர்வினை குறைவாக இருப்பதைக் கொண்டு கல்லீரலிலும் அமைதி நிலவுகிறது என முடிவு செய்தல் பொருந்தாது. ஏ.எல்.டி. அளவும் ஏறி இறங்கும் இயல்புடையது. ஒரு முறை இயல்பாக இருந்தது என்பதற்காக நோயாளியைக் கண்காணிப்பிலிருந்து விடுவித்தல் தவறாகும்.

நிர்வாகத்திற்கான படிப்பினை

2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பெற்ற தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் இலவசச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் வழிவகுத்தது. இத்தகைய திட்டத்தின் வெற்றியைச் சோதிக்கப்பட்டோர் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது. தொற்று கண்டறியப்பட்டோருள் எத்தனை பேர் உரிய காலத்தில் மறுசோதனைக்கு வந்தனர் என்பதையும் மாவட்டந்தோறும் பதிவு செய்தல் வேண்டும். ஒரு நாள் குருதி ஒரு நாளைய நிலையையே கூறும். தொடர்ந்து பெறப்படும் முடிவுகளே கல்லீரலின் போக்கை உணர்த்தும்.