குவியக் குழுவும் கிணற்று நீரும்

ஒத்த நிலையிலுள்ள ஆறு முதல் பத்துப் பேர் ஒரு பொருளைப் பற்றிக் கலந்துரையாடுவதே குவியக் குழு. 1940களில் அமெரிக்க சமூகவியலறிஞர் ராபர்ட் மெர்டன் இம்முறைக்கு அடித்தளமிட்டார்.

2003இல் சித்தூர் உள்ளிட்ட ஏழு ஆந்திர மாவட்டங்களில் தொடங்கிய நிலத்தடி நீர்த் திட்டத்தில், உழவர்களே மழையையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்தனர். ராபி பருவத்திற்குமுன் ஊர்க் கூட்டத்தில் நீருக்கேற்ற பயிரை ஆராய்ந்தனர்.

2022இல் சித்தூரின் ஒரு பகுதியையும் சேர்த்து உருவான திருப்பதி மாவட்டத்திற்கும் இது பாடமாகும். ஆயினும் பொதுக்கூட்டத்தில் எல்லோரும் பேசுவதில்லை. ஆகவே, அதற்குமுன் ஆழ்துளைக் கிணறு உடையோர், திறந்த கிணற்றை நம்பியிருப்போர், பெண்கள் ஆகியோரைத் தனித்தனிக் குழுக்களாகக் கூட்டுதல் வேண்டும். நேரத்தை அவர்களே குறிக்கட்டும். நெறியாளர் கேட்க வேண்டுமேயன்றித் தீர்ப்புக் கூறலாகாது.

நீர்மட்டம் தாழ்கையில் முதலில் வற்றுவது திறந்த கிணறே. அதற்குரியவரின் சொல் திட்டத்தில் விடுபடலாகாது.