இலை வெட்டப் போன பிள்ளை

எமது ஆலய மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி பரிபாலன சபையார் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். "பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதுங்கோ மாஸ்ரர். முப்பத்தைஞ்சு வருஷம் படிப்பிச்ச ஆள்தானே நீங்கள்" என்றார்கள். படிப்பித்த அனுபவம் உண்டு. வளர்த்த அனுபவத்தை எழுதுவதற்குத்தான் தயக்கமாக இருந்தது. தயக்கத்துக்குக் காரணம் என்னவென்பது கட்டுரையின் நடுவிலே வரும்.

முதலில் அப்பூதியடிகள் நாயனாரின் வீட்டுக்குப் போவோம். அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள்கூட அறிந்த சரிதந்தான். திங்களூரிலே வாழ்ந்த அப்பூதியடிகள், திருநாவுக்கரசு நாயனாரைக் கண்ணாற் காணாமலே அவர்மேற் பேரன்பு கொண்டவர். தம் மக்களுக்கும், தாம் வைத்த தண்ணீர்ப்பந்தலுக்கும், வீட்டிலிருந்த அளவைகளுக்கும்கூட அப்பெயரையே இட்டவர். அந்த நாவுக்கரசர் ஒருநாள் அவ்வூர் வழியே வந்தார். வந்தவர் இன்னார் என்றறிந்த அப்பூதியடிகள் மகிழ்ச்சி மிகுந்து அவரைத் திருவமுதுக்கு இருத்தினார். மூத்த மகனை அழைத்து, தோட்டத்திலே வாழைக்குருத்து அரிந்து வரும்படி பெற்றோர் சொன்னார்கள். இலை அரிந்த கையிலே பாம்பு தீண்டியது. பிள்ளை நிற்கவில்லை, ஓடிவந்து இலையைத் தாயின் கையிலே கொடுத்துவிட்டே விழுந்தான். பின்னர் நாவுக்கரசர் திருப்பதிகம் பாடி அவனை உயிர்ப்பித்தார்.

இச்சரிதத்தைச் சொல்லுகின்ற பொழுது, பிள்ளை உயிர்பெற்று எழுந்த இடத்தையே நாம் விரித்துச் சொல்லுவோம். அது அருளாளரின் பெருமை. ஆனால் அதற்கு முன்னே ஒரு சிறு இடம் இருக்கிறது, அதில் யாரும் அதிகம் நிற்பதில்லை. வீட்டுக்கு வந்த பெரியவருக்கு இலை வெட்டும் வேலையைப் பெற்றோர் பிள்ளையிடம் கொடுத்தார்கள். அவ்வேலை தனக்குக் கிடைத்ததே என்று அவன் மகிழ்ந்து போனான் என்கிறார் சேக்கிழார் பெருமான். அந்த மகிழ்ச்சி அன்றைக்கு ஒருநாளிலே வந்திருக்க முடியாது. தண்ணீர்ப்பந்தல் வைத்த வீட்டுப் பிள்ளை. வழிப்போக்கருக்கு நாள்தோறும் தண்ணீர் வார்த்த கையென்றே நான் எண்ணுகிறேன்.

திருக்குறளிலே ஏழாம் அதிகாரம் மக்கட்பேறு, எட்டாவது அன்புடைமை, ஒன்பதாவது விருந்தோம்பல். இந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழே காண விரும்புவோர் திங்களூர் வீட்டைப் பார்த்தாற் போதும்.

நாவுக்கரசரின் சொந்த வாழ்வும் இவ்வாறே. தாய் தந்தையரை இழந்து, மணம் பேசிய கலிப்பகையாரையும் போர்க்களத்திலே இழந்த திலகவதியார், தம்பிக்காக உயிர் தாங்கினார். திருவதிகையிலே விடியுமுன் எழுந்து கோயிலைக் கூட்டி மெழுகி வந்தார். தம்பியோ வேறு வழி போனார். போன தம்பியைத் தேடிப்போய்த் தமக்கையார் தர்க்கம் பண்ணினார் என்று புராணத்தில் இல்லை. அவர் தமது அலகையும் மெழுக்கையும் விடவில்லை. சூலைநோயோடு தம்பி திரும்பி வந்த அன்றும், திருநீறு கொடுத்து, விடியற்காலைப் பணிக்குப் போகும்போதே அவரையும் கூட்டிப் போனார். அதன்பின் நாவுக்கரசர் கையிலிருந்த உழவாரம் திருப்புகலூரில் அவர் வாழ்வு நிறைவெய்தும் வரைக்கும் கீழே வைக்கப்படவில்லை. தமக்கையின் துடைப்பத்துக்கும் தம்பியின் உழவாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி யாரேனும் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

இனி எமது ஊருக்கு வருவோம்.

எனது சிறு பராயத்தில் வெள்ளிக்கிழமை விடிய, அம்மம்மா பனையோலைப் பெட்டியைக் கையிலே தந்து பூ ஆய அனுப்புவா. நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் எங்கள் வளவில், அலரி பக்கத்து வளவில். "பூவை மணந்து பார்க்கக்கூடாது மோனை, மொட்டை ஆயக்கூடாது" என்பதுதான் நான் கேட்ட முதற் சமய பாடம். திருவிழாக் காலத்தில் வீதி கூட்டுவது, தண்ணீர்ப்பந்தலுக்குக் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி நிரப்புவது, மோர் வார்ப்பது, பந்திக்கு இலை போடுவது எல்லாம் பிள்ளைகளின் வேலை. அன்னதானப் பந்தியில் உப்பு வைக்கும் வேலையே எங்களிற் கடைசிப் பெடியனுக்கு. அடுத்த வருஷம் அவன் தண்ணீருக்கு உயருவான். சுவாமி காவுகிற வயது எப்போது வருமென்று நாங்கள் நாட்காட்டி பார்த்துக் கொண்டிருந்தோம். (அக்காலத்துக் கோயிற் பணியில் ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம இடம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. வீதிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் உண்டு. பழையதைப் புகழுகிற நாங்கள் அதை மறைத்துப் புகழக்கூடாது.)

இந்த வேலைகள் பிள்ளைகளின் கையை விட்டுப் போனதற்கு நானும் ஒரு காரணம். அதைச் சொல்லவேண்டிய இடம் இது.

பதினேழு வருடங்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணி தொடக்கம் ஆறு மணி வரை, ஒரு கொட்டிலிலே கணித வகுப்பு நடத்தினேன். பிள்ளைகள் அதை ரியூசன் என்பார்கள், பெற்றோரும் அப்படியே. ஐந்தரைக்குக் கோயில் மணி கேட்கும். பிள்ளைகள் தலை நிமிர்த்திப் பார்ப்பார்கள். "மணியைப் பிறகு கேக்கலாம், கணக்கைப் பாருங்கோ" என்பேன். நாவலர் பெருமான் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைத் தொடங்கியது 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை. மறு வருடம், 1848இல், அதே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளிக்கூடமும் வேண்டும், வெள்ளிக்கிழமைக் கோயிலும் வேண்டும் என்றிருந்தவர் அவர். அவர் பெயரைச் சொல்லி மேடைகளிற் பேசிய நான் ஒன்றுக்காக மற்றதை எடுத்துவிட்டேன்.

ஒருமுறை ஒரு மாணவன் திருவிழாக் காலத்திலே மூன்று வகுப்புத் தவறவிட்டான். காரணம் கேட்டேன். "சுவாமி காவப் போனனான் சேர்" என்றான். "சுவாமி வந்து உனக்குச் சோதினை எழுதுமோ?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. சாதாரண தரத்தில் அவனுக்குக் கணிதம் சரிவரவில்லை.

எனது மகனை நான் வகுப்புக்கு வெளியேயும் அப்படித்தான் வளர்த்தேன். வீட்டிலே பூங்கன்றுக்குத் தண்ணீர் விடச் சொன்னால், "அவனை விடுங்கோ, அவனுக்குச் சோதினை" என்று மனைவியார் சொல்லுவா. அவ சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன். மகள் படித்துக்கொண்டே அடுப்படியிலும் நின்றாள், அவளுக்குச் சோதினை இல்லையா என்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று ஒன்று முடிய ஒன்று வந்தது. கலியாண வீடு, செத்த வீடு, அந்தியேட்டி, ஆட்டத்துவசம் எல்லாவற்றுக்கும் நானும் மனைவியும் போவோம், மகன் கதவைப் பூட்டிக்கொண்டு படிப்பான். அவன் நன்றாகப் படித்தான். இப்பொழுது கனடாவிலே பொறியியலாளராக இருக்கிறான்.

படிப்பைக் குறைத்துச் சொல்லுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே தெருவுக்கு இறங்கியபோது, வீட்டையும் கிணற்றையும் மாட்டையும் விட்டுவிட்டுத்தான் நடந்தோம். மழையிலே செம்மணி வழியாக நடந்த அந்த இரவில் எங்களோடு கூட வந்தது படிப்பு ஒன்றுதான். அதைக் கண்ட ஒரு தலைமுறை, பிள்ளையின் கையில் கொப்பியைத் தவிர வேறொன்றையும் கொடுக்கப் பயந்தது. அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. ஆனால் அந்த இரவை நினைக்கிறபோது வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. ஒன்பது வயது மகள் சுவாமி அறைப் படத்தைத் துணியிற் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். மகன் சின்னப் பிள்ளை, தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி வந்தான். களைத்து அழுதானேயொழிய அதை யாரிடமும் கொடுக்கவில்லை. "இது என்ரை வேலை" என்றான். அதன்பிறகு அவனுக்கு நான் ஒரு வேலையும் கொடுக்கவில்லை.

2021ஆம் ஆண்டு, கொரோனாக் காலத்திலே, எனது மனைவியார் இறைபதம் அடைந்தார். மகனால் வர முடியவில்லை. அது அவன் பிழையல்ல, அக்காலத்தில் எத்தனையோ பேருக்கு அப்படி நடந்தது. கைத்தொலைபேசியிலே பார்த்துக் கொண்டிருந்தான். தம்பியின் மகன் கிரியைக்கு இருந்தான். சுண்ணம் இடிக்கிற நேரம் மகன் தொலைபேசிக்குள் இருந்து, "அப்பா, நான் இப்ப என்ன செய்யவேணும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவனை நான் ஒரு செத்த வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனதில்லை. பெரியவர்கள் கிணற்றடியில் எப்படி நிற்பார்கள், அழுகிற மனிதரின் பக்கத்தில் எவ்வாறு இருப்பது என்பதெல்லாம் பார்த்துப் பழகுகிற விடயம். அதற்கு வகுப்பு வைத்தவர் யாருமில்லை.

குறைந்த ஆட்களே கூடலாம் என்று கட்டுப்பாடு இருந்த நாட்கள் அவை. வந்த சிலரில் ஒருவன் கதிரை இறக்கினான், பந்தல் கட்டினான், தேத்தண்ணி வைத்தான், மூன்று இரவுகள் திண்ணையிலே படுத்தான். நான் சாப்பிட்டேனா என்று பார்த்துப் பார்த்துக் கேட்டவனும் அவனே. வகுப்பிலே நான் சிரிப்புக்கு இடமாக்கிய அதே மாணவன். நான் அன்று சொன்னதை அவன் மறந்திருப்பான் என்று நினைக்கவில்லை. ஆனால் அவன் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்பொழுது இந்த மலரிலே எழுதுகிறேன். அவன் வாசிப்பான்.

இன்று எமது ஆலயத்தில் பணத்துக்குக் குறைவில்லை. உபயகாரர் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், திருவிழாவுக்கு முன்னரே காசு வந்துவிடுகிறது. சாத்துப்படி செய்ய ஆள் பிடிக்கிறோம், சமையலுக்கு ஆள் பிடிக்கிறோம், வீதி கூட்டவும் கூலிக்கு ஆள் பிடிக்கிறோம். சுவாமி காவத் தோள்கள் போதாமல் அயலூருக்குத் தொலைபேசி எடுக்கிறோம். பிள்ளைகள் வருகிறார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. நல்ல உடுப்பு உடுத்தி வருகிறார்கள், கும்பிடுகிறார்கள், கச்சான் வாங்குகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். விருந்தாளிகள் வருவதுபோல வருகிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குப் பக்தி இல்லை" என்று மடத்துத் திண்ணையில் இருந்து பேசுகிற எங்களில் எத்தனை பேர், ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வாளியைக் கையிலே கொடுத்தோம்?

2024ஆம் ஆண்டு மகோற்சவத்துக்கு மகன் குடும்பமாக வந்தான். பேத்திக்கு எட்டு வயது. தமிழ் விளங்கும், பேசக் கூச்சம். முதல்நாள் ஆறு மணிக்கே எழும்பி முற்றத்தில் நின்றாள், நேரம் மாறியதால் நித்திரை வரவில்லையாம். மனைவியார் வைத்திருந்த பழைய பெட்டி ஒன்று பரணிலே கிடந்தது. தூசி தட்டிக் கொடுத்தேன். நந்தியாவட்டையைக் காம்போடும் இலையோடும் பிய்த்துப் போட்டாள். மொட்டும் சேர்ந்தே வந்தது. திருத்துவோமா என்று வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டேன். கோயிலிலே ஐயர் பெட்டியை வாங்கி, "ஆர் ஆய்ஞ்சது?" என்று கேட்டார். தன்னுடைய நெஞ்சிலே விரலை வைத்துக் காட்டினாள். பூசை முடிந்து திரை விலகியபோது பிள்ளையாரின் பாதத்தில் இலையோடு ஒரு நந்தியாவட்டை இருந்தது. அதை அவள் தகப்பனுக்குக் காட்டினாள்.

மறுநாள் மகனும் எழும்பி வந்தான். மொட்டை ஆயக்கூடாது என்பது அவனுக்கும் அன்றுதான் தெரியும். நான் சொல்ல, அவன் மகளுக்கு ஆங்கிலத்திலே சொன்னான். பத்து நாளும் பூ அவர்கள் இருவரின் வேலையாயிற்று.

வெள்ளிக்கிழமை வகுப்பை நான் நிறுத்திப் பல வருடமாகிறது. கொட்டிலும் இப்போது இல்லை. வேறு பல இடங்களில் வகுப்புகள் நடக்கின்றன, நடத்துகிறவர்களில் எனது மாணவர்களும் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது வெள்ளி பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம். இதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்று அவர்கள் சொன்னால், அதுவும் சரி.

பெற்றோரிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. வருகின்ற தேர்த் திருவிழாவன்று தண்ணீர்ப்பந்தலைப் பத்து வயது தொடக்கம் பதினைந்து வயது வரையான பிள்ளைகளிடம் முழுவதுமாக ஒப்படைப்பதற்குப் பரிபாலன சபையார் இசைந்துள்ளார்கள். எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம், ஆண் பெண் என்ற பேதமில்லை. மோர் கரைப்பது, தேசிக்காய் பிழிவது, கிளாஸ் கழுவுவது யாவும் அவர்களே. மோரில் உப்புக் கூடினால் அடியார்கள் பொறுத்துக் குடிக்கவேண்டும். காலை ஐந்து மணிக்கு வடக்கு வீதிக் கிணற்றடிக்குப் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள். வீட்டுக்கு ஒரு வாளி கொடுத்துவிட்டாற் போதும். கயிறு கோயிலில் இருக்கிறது.