உழவாரத் தொண்டு

தொண்டை நாட்டுக் குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். 12ஆம் நூற்றாண்டில் அவர் இங்கு எழுப்பியதாகக் கூறப்படும் திருநாகேச்சரம் இன்றும் நிலவுகின்றது. அவர் இயற்றிய பெரியபுராணம், உழவாரம் ஏந்திக் கோயில்தோறும் புல் செதுக்கிய திருநாவுக்கரசரின் தொண்டினைப் போற்றுகின்றது. அவ்வழியில் அன்பர் பலர் இன்றும் விடுமுறை நாள்களில் ஒன்றுகூடிப் பழங்கோயில்களில் உழவாரப் பணி புரிகின்றனர்.

பறவை இட்ட ஆலவிதை கோபுரத்தின் இடுக்கில் முளைக்கும். வேர் பருத்துக் கல்லைப் பிளக்கும். பிளவில் மழைநீர் இறங்கும். ஆதலின் செடி சிறிதாயிருக்கும்போதே களைதல் வேண்டும். வேரூன்றிய மரத்தை வலிந்து பிடுங்கினால் கல்லும் உடன் பெயரும். அதனை வல்லுநரைக் கொண்டே அகற்றுதல் வேண்டும். கல்வெட்டின்மேல் பூசிய சுண்ணாம்பு எழுத்தை மறைக்கும். விசையுடன் வீசிய மணல் அதனைத் தேய்த்தழிக்கும். அழிந்த எழுத்து மீளாது. அன்போடு அறிவும் சேர்ந்த தொண்டே பழமையைக் காக்கும்.