ஆராய்ச்சிக் கருவியும் சுங்கவரியும்: ஒரு சிறு பாடம்



ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் டிரெயினிங் போனவர்கள் அங்கே தரக்கட்டுப்பாட்டு அறையைப் பார்த்திருப்பீர்கள். ஏ.சி. அறை, கிரானைட் மேஜை, நடுவில் சி.எம்.எம். என்கிற அளவீட்டு இயந்திரம். கம்பெனி வாங்கினால் டியூட்டி உண்டு, பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்கு வாங்கினால் டியூட்டி ஃப்ரீ என்று நம்மில் பலர் சொல்வோம். இது பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி சரி என்று பார்ப்போம்.

1. கருவிக்கு ஒரு எண்

உலகச் சுங்க அமைப்பு எல்லாச் சரக்குகளுக்கும் எண் கொடுத்திருக்கிறது. கருவிகள் பெரும்பாலும் 90-ஆம் அத்தியாயத்தில் வரும். நம்ம லேபில் இருக்கும் மைக்ரோமீட்டரும் வெர்னியர் காலிப்பரும் 9017. இழுவிசை சோதனை இயந்திரமும் ஹார்ட்னஸ் டெஸ்டரும் 9024. ஸ்பெக்ட்ரோமீட்டர் 9027. ஆஸிலோஸ்கோப் 9030. எண் தப்பினால் வரி விகிதமும் தப்பும். கருவி என்ன வேலை செய்கிறது என்பதை வைத்தே எண் அமைகிறது. ஆகவே இதில் நம்மைப் போன்ற டெக்னிக்கல் ஆட்களின் உதவி தேவைப்படும்.

2. சலுகை எப்படி வந்தது?

1962-ஆம் வருடச் சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, பொதுநலன் கருதி வரிவிலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி 1996 ஜூலை 23-இல் வந்ததுதான் 51/96 என்ற அறிவிக்கை. பொது நிதியில் நடக்கும் ஆய்வு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.க்கள் முதலியவை இதில் இடம்பெற்றன. கருவி மட்டுமல்ல, அதன் உதிரி பாகங்கள், லேபில் செலவாகும் பொருட்கள், சாஃப்ட்வேர் ஆகியவையும் பட்டியலில் இருந்தன. பிற்காலத்தில் இச்சலுகையில் அடிப்படைச் சுங்கவரி 5 சதவீதம் என்று இருந்தது. அதாவது பேச்சில்தான் ‘ஃப்ரீ’, பில்லில் 5 சதவீதம்!

3. இரண்டு காகிதங்கள்

சலுகை கருவிக்கு அல்ல, அதன் உபயோகத்துக்கு. அதை நிரூபிக்க இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, டி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையில் நிறுவனம் பெற்ற பதிவு. இரண்டு, இந்தச் சரக்கு ஆராய்ச்சிக்கு மட்டுமே தேவை என்று நிறுவனத் தலைவர் கையெழுத்திடும் சான்றிதழ். ஒவ்வொரு இறக்குமதிக்கும் தனித்தனியாக இது வேண்டும்.

சான்றிதழில் உள்ள மாடல் பெயரும் எண்ணிக்கையும் இன்வாய்ஸில் உள்ளபடியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேள்வி வரும். மீனம்பாக்கம் ஏர் கார்கோவில் பெட்டி கிடக்கும் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும். வரியில் மிச்சம் பிடித்தது வாடகையில் போய்விடக்கூடாது அல்லவா? சரக்கு கிளம்பும் முன்பே சான்றிதழைத் தயார் செய்துவிடுவது நல்லது.

இன்னொன்று. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்பது வெறும் வார்த்தை இல்லை, வாக்குறுதி. நம்ம வட்டாரத்தில் கம்பெனிகள் நிறைய. கல்லூரி லேபுக்கு வந்து, காசு கொடுத்து டெஸ்ட் செய்து தரச் சொல்வது சகஜம். சலுகையில் வந்த கருவியை வியாபாரத்துக்குத் திருப்பினால், விட்டுக்கொடுத்த வரியைச் சுங்க இலாகா திரும்பக் கேட்க வழி உண்டு.

4. கணக்கு போட்டுப் பார்ப்போம்

சரக்கு விலை, இன்ஷூரன்ஸ், கப்பல் அல்லது விமானக் கூலி எல்லாம் சேர்ந்து ரூ.10,00,000 ஆகும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சாதாரண சுங்கவரி 7.5 சதவீதம் என்று வைப்போம்.

கம்பெனிக்கு: சுங்கவரி ரூ.75,000. அதன்மேல் 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ் ரூ.7,500. ஆக ரூ.82,500. மொத்தம் ரூ.10,82,500-க்கு 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. ரூ.1,94,850.

பல்கலைக்கழகத்துக்கு, 5 சதவீதச் சலுகையில்: சுங்கவரி ரூ.50,000, சர்சார்ஜ் ரூ.5,000. ஆக ரூ.55,000. 2017 நவம்பரிலிருந்து பொது நிதி ஆய்வு நிறுவனங்களுக்கு ஜி.எஸ்.டி.யும் 5 சதவீதமாக இருந்தது. அது ரூ.52,750. மொத்தம் ரூ.1,07,750.

2022 ஜூலை 18 முதல் அந்த ஜி.எஸ்.டி. சலுகை எடுக்கப்பட்டது. 18 சதவீதமானால் ஐ.ஜி.எஸ்.டி. ரூ.1,89,900. சுங்கவரிச் சலுகையை அப்படியே வைத்துக்கொண்டாலும் மொத்தம் ரூ.2,44,900.

இங்கேதான் கவனிக்க வேண்டும். கம்பெனி தான் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி.யை, காரோ உதிரி பாகமோ விற்கும்போது கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். கடைசியில் அதன் கையைக் கடிப்பது ரூ.82,500 மட்டுமே. ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழகத்துக்குக் கழித்துக்கொள்ள விற்பனை எங்கே இருக்கிறது? கட்டியது கட்டியதுதான். சலுகை பெற்றவர் ரூ.2,44,900 சுமக்க, சலுகை இல்லாதவர் அதில் மூன்றில் ஒரு பங்கு சுமக்கிறார்! ஆராய்ச்சி நிதி என்னவோ வரியைப் பார்த்து வளர்வதில்லை. கருவிக்கு வேண்டிய ஒரு துணைப்பாகமோ, ஒரு வருடப் பராமரிப்போ அந்தப் பணத்தில் போய்விடும்.

5. நமக்கு என்ன?

நாளை நம்மில் சிலர் கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவிலும், சிலர் கல்லூரி லேபிலும் வேலை பார்ப்போம். கொட்டேஷன் வந்ததும் விலையை மட்டும் பார்க்காமல் நாலு கேள்வி கேளுங்கள். கருவியின் எண் சரியா? இன்று அமலில் உள்ள அறிவிக்கை எது? சான்றிதழ் தயாரா? ஐ.ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா? பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் விகிதம் மாறலாம், கேள்விகள் மாறாது.

பயிற்சி: மேலே உள்ள கணக்கை ரூ.25,00,000 கருவிக்குப் போட்டு, நண்பரின் விடையோடு ஒத்துப்பாருங்கள். அப்புறம் யாராவது ‘டியூட்டி ஃப்ரீ’ என்றால், “எந்த டியூட்டி?” என்று தைரியமாகக் கேட்கலாம்.