லட்டைப் போட்டுப் பாருங்கள், படத்தில் ஏற்றிவிடாதீர்கள்

கம்பாசிட்டிங் மென்பொருளான நியூக்கில் கணக்கு எல்லாம் 32 பிட் ஃப்ளோட்டில், லீனியர் ஒளியில் நடக்கிறது. அதை அப்படியே மானிட்டருக்கு அனுப்பினால் படம் இருண்டு கிடக்கும். நடுச்சாம்பலுக்கு உள்ளே இருக்கும் மதிப்பு 0.18, எஸ்ஆர்ஜிபி வளைவு அதை 0.46 வரை தூக்கிவிட்ட பிறகுதான் நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரியும். வியூவரின் கடைசி முனையில் இப்படி மாற்றித் தருவதுதான் லுக்அப் டேபிள், தொழிலில் லட். அது பார்ப்பதற்கு மட்டும்தான். தொல்லையெல்லாம் இதை மறக்கும்போது வருகிறது.

செய்ய வேண்டியவை

● ஷாட்டைத் திறந்ததும் முதலில் ரீட் நோடைப் பாருங்கள், அப்புறம் வியூவரை. அலெக்ஸா கேமராவின் லாக்சி பிளேட்டில் நடுச்சாம்பல் 0.39 பக்கம் உட்கார்ந்திருக்கும். ரீட் நோடில் கலர்ஸ்பேஸ் சரியாக இருந்தால் அது 0.18க்கு இறங்கிவிடும். படம் வெளுத்துத் தெரிகிறதே என்று வியூவர் லட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. நோய் ஓரிடம், மருந்து வேறிடம்.

● படத்துக்கென்று தந்த ஷோ லட்டையும், ஷாட்டுக்கு ஷாட் மாறும் வண்ணத் திருத்தமான சிடிஎல்லையும் ஒரு குரூப்பில் போட்டு வியூவரின் இன்புட் பிராசஸாக வையுங்கள். ஐபி பட்டனை அழுத்தினால் வரும், மறுபடி அழுத்தினால் போகும். கம்ப் மரத்தில் கை படாது.

● கறுப்பை லட் இல்லாமல் சோதியுங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் முக்கியமானது இதுதான். ஃபிலிம் சாயல் தரும் ஷோ லட்கள் நிழலை நன்றாக அமுக்கிவிடும். பிளேட்டின் கறுப்பு 0.012, நீங்கள் வைத்த சிஜி காரின் அடிநிழல் 0.003 என்று வைத்துக்கொள்வோம். லட்டோடு பார்த்தால் இரண்டும் ஒரே மைக்கறுப்பு. சூப்பர்வைசரும் சரி என்பார். கடைசி வண்ணத் திருத்தம் நடக்கும் டிஐயில் கலரிஸ்ட் நிழலைக் கொஞ்சம் தூக்கியதும் காரின் அடியில் ஒரு ஓட்டை தெரியும். எனவே ஐபியை அணைத்து, வியூவர் காமாவை 3 வரை ஏற்றிப் பாருங்கள். மௌஸைப் பிளேட்டின் நிழலிலும் உங்கள் நிழலிலும் வைத்து, வியூவரின் அடியில் ஓடும் எண்களை ஒப்பிடுங்கள். அவை லட்டுக்கு முந்தைய எண்கள், ஏமாற்றாது. பார்த்து முடித்ததும் காமாவை 1க்குத் திருப்புங்கள். ஏற்றிய காமாவை மறந்து அதன் மேலேயே கிரேடு செய்துகொண்டிருப்பது அன்றாடக் கூத்து.

● லைட்டிங், கம்ப், ரிவ்யூ எல்லோரும் வண்ண மேலாண்மைக்கான ஓசிஐஓவில் ஒரே கான்ஃபிக்கில் இருக்கட்டும். மாயாவிலும் நியூக்கிலும் ஒரே வண்ணம் தெரிவதற்காகவே சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸ் ஓசிஐஓவை 2010இல் வெளியிட்டது.

செய்யக்கூடாதவை

● ரைட் நோடுக்கு முன்னால் ஷோ லட்டைச் சொருகாதீர்கள். விளக்கின் நடுவில் 6.0 என்று இருந்த ஒளி 1.0இல் வெட்டுப்படும். பிறகு எக்ஸ்போஷரை இறக்கினால் விளக்குக்குப் பதில் தட்டையான சாம்பல் பொட்டுதான் கிடைக்கும். போன ஒளி திரும்ப வராது.

● லாக் படத்துக்காகச் செய்த 3டி லட்டுக்கு லீனியர் படத்தை நேரடியாக ஊட்டாதீர்கள். ஒரு பக்கத்துக்கு 33 புள்ளி என்றால் மொத்தம் 35,937. நிறையத்தான். ஆனால் அவை 0 முதல் 1 வரை சம இடைவெளியில் நிற்கின்றன. லீனியரில் நடுச்சாம்பலும் அதற்குக் கீழே உள்ள நிழல் முழுவதும் 32 இடைவெளிகளில் முதல் ஆறுக்குள் நெருக்கியடித்துக்கொள்ளும். 1க்கு மேல் போனதற்கு இடமே இல்லை. லட் எந்த லாக்கை எதிர்பார்க்கிறது என்று கேட்டு, அதற்கு மாற்றிய பிறகே கொடுங்கள்.

● டெப்த், நார்மல், மோஷன் வெக்டர் பாஸ்களை லட் வழியாகப் பார்க்காதீர்கள். அவை வண்ணம் அல்ல, அளவு.

● டைரக்டருக்குப் போகும் டெய்லீஸ் க்விக்டைமை லட் இல்லாமல் அனுப்பாதீர்கள். லட்டைப் படத்தில் ஏற்றியே ஆக வேண்டிய இடம் அது ஒன்றுதான்; எந்த லட், எந்த சிடிஎல் என்று ஸ்லேட்டில் எழுதிவிடுங்கள். டிஐக்குப் போகும் இஎக்ஸ்ஆர் வேறு ரைட் நோடிலிருந்து, லட் படாமல் போகட்டும்.